சித்தி போட்டுக்கொண்டு போனது

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தேன், உடம்பைப் பொறுத்தவரை உண்மைதான், அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்குப் புதுக் கண்ணாடி பழகிவிட்டது. நீ சளியோடு வேலைக்குப் போகிறாய் என்று குரலிலேயே தெரிந்தது, இரண்டு நாள் லீவு போட்டால் அந்த அலுவலகம் ஒன்றும் இடிந்து விழாது. மாடியில் புதிதாகக் குடி வந்தவர்கள் விடிந்ததிலிருந்து நாற்காலி இழுக்கிறார்கள். எங்கள் ஆய்வகத்துக்குப் புது அடுப்பு வந்துவிட்டது, மண் மாதிரிகள் உலர இனி நாள் கணக்கில் காத்திருக்க வேண்டாம். இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஃபோனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் நீ எழுதியிருந்தாய், சித்தி கேட்டபடியே அவளுக்கு அந்த ஆரஞ்சு கோட் போட்டுக் கடைசியாக அனுப்பிவைத்தாயே அம்மா, இந்தக் குடும்பத்தில் ஒரு பெண் கேட்டதை ஒரு தடவையாவது ஒருத்தர் செய்துகொடுத்தார் என்று நினைத்துத்தான் நான் இன்டர்வியூவுக்கு மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போனேன் என்று. பஸ் ஸ்டாப்பில் நின்று அதைப் படித்தேன், என் பஸ் வந்து போனதுகூடத் தெரியவில்லை. சித்தி அந்தக் கோட்டில் போகவில்லை. நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

மின்சார அலுவலகத்தின் புகார் ஜன்னலில் அவள் பதினேழு வருடம் உட்கார்ந்திருந்தாள், கரண்ட் போனவர்கள் பில் எகிறியவர்கள் எல்லோருடைய வசவும் முதலில் அவள் மேல்தான் விழும். ஒரு நாள் சிவப்பு ஒரு நாள் பச்சை என்று உடுத்தி வருவதால் அங்கே அவளுக்கு சிக்னல் என்று பெயர். கல்லூரிப் பிள்ளைகள் நடத்தினாலும் சரி, துணிக்கடைக்காரன் நடத்தினாலும் சரி, எங்கே ஃபேஷன் ஷோ நடந்தாலும் எப்படியாவது ஒரு பாஸ் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். யாரோ தைத்ததை யாரோ போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், இதில் பார்க்க என்னடி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன். "துணியைப் பார்க்கவா போறேன்? அத்தனை பேர் முறைச்சுப் பார்க்கிறப்ப ஒருத்தி எப்படி நடக்கிறான்னு பார்க்கப் போறேன்க்கா, மறுநாள் ஜன்னல்ல உட்கார எனக்கு அது வேணும். திட்ட வர்றவன் என் காலரைப் பார்த்து ஒரு செகண்ட் தடுமாறுவான் பாரு, அந்த ஒரு செகண்ட் போதும்" என்றாள். படித்தவள் என்ற திமிரில் நான் சிரித்து ஒதுக்கிவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றே துணி எடுக்கிறவள் நான், அதற்கு எளிமை என்று பெயர் வைத்திருந்தேன்.

இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு கடைசியாக ஒரு ஷோவுக்கு நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். மருந்தில் முடி முழுக்கக் கொட்டியிருந்தது, ஸ்கார்ஃப் கட்டிக்கொள் என்றால் கேட்கவில்லை, மொட்டைத் தலையும் தோளைத் தொடும் தோடும் அந்தக் கோட்டுமாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். வாசலில் நின்ற மாணவிகள் யாரோ பெரிய டிசைனர் வந்திருக்கிறார் என்று நினைத்து அவளை முதல் வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், என்னைப் பார்த்து, நர்ஸம்மா நீங்க பின்னாடி உட்காருங்க என்றார்கள். வரும் வழியெல்லாம் "டூட்டி முடிஞ்சுதா நர்ஸம்மா, ஓவர்டைம் எழுதிக்கோ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி டாக்ஸியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. இருமல் நின்றதும் கேட்டாள், "அக்கா, என்னைக் கொண்டு போறப்ப இதுதான். காலர் நிமிர்ந்திருக்கணும். யாராவது ஏதாவது சொல்வாங்க, நீ விட்டுக்கொடுத்துடாதே." சரி என்றேன்.

அவள் போன அன்று காலை மருத்துவமனையில் குளிப்பாட்டும் அம்மா உடுத்தத் துணி கேட்டார். என் கையிலிருந்த பையில் அந்தக் கோட் இருந்தது, அதன் மேல், துணைக்குத் தங்கும்போது நான் மாற்றிக்கொள்கிற சாம்பல் நிற உடையும் இருந்தது. உன் மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "இதையா? நாலு பேர் வர்ற இடத்துல வேடிக்கை ஆக்கிடாதே" என்றார். பழியை அவர் மேல் போட்டுவிட்டு நான் நகர்ந்துவிடலாம், ஏழு மாதமாக அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் மாமாவை உனக்குத் தெரியும், இரண்டு தடவை அழுத்திச் சொன்னால் என்னமோ பண்ணு என்று வெளியே போய்விடுவார். நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே என் ஆய்வகத்துக்காரர்கள் நின்றிருந்தார்கள், எங்கள் துறைத் தலைவரும் இருந்தார், மொட்டைத் தலையும் ஆரஞ்சு நிறமுமாக என் தங்கையைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். என்னுடைய சாம்பல் நிறத்தை எடுத்துக் கொடுத்தேன். தலையையும் துணியால் மூடிவிடட்டுமா என்று அந்த அம்மா கேட்டார், அதற்கும் தலையாட்டினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவளுடைய அலுவலகத்தார் வேனில் வந்தார்கள். கம்பம் ஏறுகிற லைன்மேன் ஒருவர் முன்னால் வந்து பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க, சிக்னல் அக்கா வீடுன்னு நினைச்சு வந்துட்டோம்" என்று திரும்பப் போனார். இது அவள்தான் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. மறுபடி வந்து வெகுநேரம் பார்த்தார், "என்னம்மா, அவங்களை என்ன பண்ணிட்டீங்க" என்றார். நோய் உருக்கிவிட்டது என்று சொன்னேன்.

அன்றைக்கு விமானம் கிடைக்காமல் அழுதுகொண்டே கூப்பிட்டாய், "கோட் போட்டீங்களாம்மா" என்று கேட்டாய். ஆமாம், காலரை நிமிர்த்தியே போட்டோம் என்றேன், உன் அழுகை நின்றது. உன் நிம்மதியைக் கெடுக்க மனம் வராமல்தான் இத்தனை நாள் மறைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, நீ என்னை மெச்சியது எனக்குப் பிடித்துவிட்டது என்பதே சரி. கோட் என் அலமாரியில் இருக்கிறது. உனக்கு அனுப்ப மாட்டேன், அனுப்பினால் ஏதோ ஈடு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன், நீ வரும்போது எடுத்துக்கொள்வதோ விடுவதோ உன் இஷ்டம். அதை நான் போட்டுப் பார்த்தேனா என்றால் இல்லை, போட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

நீ மஞ்சள் சட்டையில் போனதை இதற்காகத் திருப்பி எடுத்துக்கொள்ளாதே, நான் செய்யாததை நம்பிப் போனாய் என்றாலும் போனது நீதான். அந்த வேலை உனக்குக் கிடைக்கட்டும், உடம்புக்கு ஒன்றும் வராமல் நீண்ட நாள் நன்றாக இரு. வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. கோபம் ஆறும்வரை கூப்பிட வேண்டாம், அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உனக்கு முக்கியமான எதையாவது ஒருவரிடம் ஒப்படைக்க நேர்ந்தால் என்னிடம் ஒப்படைக்காதே. வேறு யாரிடம் கொடுப்பதானாலும் அவருக்கு உன்மேல் அன்பு இருக்கிறதா என்று பார்க்காதே, என்னிடம் அது நிறைய இருந்தது. அடுத்தவர் பார்வைக்குப் பயப்படாத ஆளா என்று பார்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா