கிங்ஸ்டனுக்குக் கொடுத்த அடைமொழி

ஜூலை 7, 2024

பாளையங்கோட்டையில் மாவட்ட அரையிறுதி. மைதானம் முழுக்கச் சேறு. சேரன்மகாதேவி கிங்ஸ்டன் நடுக்களத்தில் அதிகம் ஓடாமலே ஆட்டத்தை நடத்தினான். பதினேழு வயதில் இப்படிப் பந்து கொடுப்பவனை நான் பார்த்ததில்லை. அவன் கொடுத்த பந்துகளில்தான் இரண்டு கோலும். வலது ஓரத்தில் பறந்துபோய் அடித்தது கோமதிசங்கர். பார்த்ததை அப்படியே எழுதி, விளையாட்டுப் பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 8

அச்சில்: "காட்டுவேகக் கிங்ஸ்டன்." அடுத்த பத்தியில்: "ஆட்டத்தின் மூளை கோமதிசங்கர்."

ஆசிரியர் ஆவுடைநாயகம் அண்ணாச்சி ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. ஆட்டக்காரனின் ஊர், தெரு, தகப்பன் பெயர் எழுதிக் கொடுப்பது எங்கள் பத்திரிகை வழக்கம். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. அதைப் பார்த்து அடைமொழி வைத்திருக்கிறார்.

"ஏலே ஜெய்சன், அந்தத் தெருப் பயலுவளுக்கு ரத்தத்துலயே வேகம்லா. நல்லதாத்தானலே போட்டிருக்கேன்?"

பாராட்டு என்றே நினைக்கிறார். அதுதான் எரிகிறது.

ஜூலை 10

டீக்கடையில் கோமதிசங்கர் பேப்பரை ஆட்டிச் சிரித்தான். "அண்ணே, எனக்கு மூளை இருக்குன்னு எங்க அம்மையே சொன்னதில்ல. இவன் போட்ட பக்கமா ஓடுனேன், அவ்ளோதான்."

பக்கத்தில் நின்ற கிங்ஸ்டன் சிரிக்கவில்லை.

ஜூலை 14

பிரேசில் என்றால் நடனம். ஜெர்மனி என்றால் இயந்திரம். ஆப்பிரிக்கா என்றால் உடல்பலம். யார் முடிவு செய்தது? எங்கோ மேசையில் உட்கார்ந்து எழுதிய என்னைப் போல ஒருவன். கொஞ்ச காலத்தில் அந்த நாட்டுக்காரனே அதை நம்பி அப்படியே ஆடுகிறான்.

இன்று எங்கள் ஞாயிறு மலரில் "இந்தியாவின் கால்பந்துப் பாணி எது?" என்று கட்டுரை. வங்கத்துக்கு நுணுக்கமாம், எங்கள் தெற்குக்கு வீரமாம். தேசம் என்கிறார்கள். தெருவைத்தான் எழுதுகிறார்கள்.

ஆகஸ்ட் 2

இருவரும் மாநிலப் பயிற்சி முகாமில். இறுதி அணியில் இடம் கிடைத்தால் கிங்ஸ்டனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. இல்லாவிட்டால் படிப்பு நின்றது. அவன் அம்மா யூனிஸ் பீடி சுற்றித்தான் குடும்பம் ஓடுகிறது.

அவனை ஓரத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். தேர்வாளரைப் போனில் பிடித்தேன். "உங்க பேப்பர்லதானே சார் வேகம்னு படிச்சோம்?"

கிங்ஸ்டன் நடுக்கள வீரன் என்று ஒரு பத்தி எழுதிச் சண்டை போட்டேன். நாளை மறுநாள் போடுவதாக அண்ணாச்சி முனகினார்.

ஆகஸ்ட் 3

காலையில் கிங்ஸ்டனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

"அண்ணே, அத நிறுத்திருங்க. இங்கன நடுவுல ஆட கோமதிசங்கர வச்சிருக்காவ. ஓடுதவந்தான் வேணுமாம். வேகம்னே எழுதுங்க."

"உனக்கு எங்கலே வேகம்?"

"ஓடிப் பழகுதேன். யோசிக்காத, ஓடுன்னு கோச் சொல்லுதாரு."

பத்தியை நிறுத்தினேன். "வேகம்" என்றே எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி முதுகில் தட்டினார். த்தூ. வேறென்ன செய்ய? அவன் இடம் போனால் நானா வாங்கிக் கொடுப்பேன்?

ஆகஸ்ட் 19

கிங்ஸ்டனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம்: போதிய வேகம் இல்லை.

கோமதிசங்கர் நடுவில் நின்று தடுமாறுகிறானாம். ஆனாலும் அவனை இறுதி அணியில் எடுத்துவிட்டார்கள். நடுவில் ஆட வரவில்லை என்று போனில் அழுதான், பாவம்.

ஜனவரி 15, 2025

சேரன்மகாதேவியில் பொங்கல் போட்டி. கிங்ஸ்டன் இப்போது செங்கல் சூளைக்குப் போகிறான். தெரு அணிக்கு ஆடுகிறான். நடுவில் அவன் அணிக்காரன் ஒருவன் தடுக்க ஆளில்லாமல் நின்று, கைதூக்கிக் கத்தினான். கிங்ஸ்டன் கொடுக்கவில்லை. கோட்டோரமாக ஓடினான், பந்து வெளியே போகும்வரை. கூட்டம் கைதட்டியது.

முடிந்ததும் கேட்டேன், "அவனுக்குக் கொடுத்திருக்கலாம்லா?"

"அதெல்லாம் நமக்கு வராதுண்ணே. நம்ம ஆளுவளுக்கு ஓட்டந்தான்."

என்னைக் குத்திக் காட்டுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.