பிரான்சின் அவசரக் கலியாணங்கள்

கட்டுகஸ்தோட்டை
ஆவணி, 2007

அன்புள்ள அம்மாவுக்கு, மூத்தவன் தவசீலன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? இங்கே மழை விடவில்லை. உடுப்புக் காய்வதில்லை, மற்றபடி குறையில்லை.

வேலை பிடித்திருக்கிறது. நாடுகளை ஆண்டு, போர் நடத்தி விளையாடும் கணினி விளையாட்டு ஒன்றைச் செய்கிறோம். ஒவ்வொரு நாட்டுக்கும் வரலாற்றில் உள்ளபடி ஒரு தனிப் பலம் கொடுக்க வேண்டும். எனக்கு வந்தது பிரான்ஸ். புரட்சிக் காலத்தில் அங்கே மணமாகாத இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுத்தார்கள். பெரிய படை, அதுதான் பலம். அதற்கு அஞ்சி ஊர்களில் அவசரக் கலியாணங்களும் நடந்தன. அதையும் விதியாகச் சேர்த்தேன்.

நேற்று எங்கள் மேலாளர், அக்குறணை நிஸாம்தீன் நானா, பிரான்ஸாக விளையாடிப் பார்த்தார். ஆள் எடுக்க எடுக்க ஊரெல்லாம் மாப்பிள்ளைகள், படையில் ஆளில்லை. ஆஸ்திரியாவிடம் தோற்றார். அலுவலகமே சிரித்தது.

“என்ன தவசீலன், இது யுத்தமா, கலியாண வீடா? கலியாணம் முடிச்சவங்களையும் எடுக்கிற மாதிரி ஒரு விதி போடுங்க,” என்றார்.

பிரான்சில் கடைசியில் அதுவும் நடந்ததுதான். ஆனாலும் அதை மட்டும் போடமாட்டேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, விடுங்க,” என்றார்.

யுத்தத்தால் வன்னிப் பாதை பூட்டிக் கிடப்பதால், அங்கே நீங்கள் அவசரமாக வைத்திருக்கும் தம்பி கோகுலனின் கலியாணத்துக்கு வர முடியாது. அலுமாரியில் என் பட்டுவேட்டி இருக்கிறது, அவனுக்குக் கட்டிவிடுங்கள். பத்தொன்பது வயது மாப்பிள்ளைக்கு நீளமாகத்தான் இருக்கும். ஒரு படம் அனுப்புங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிறது. பதில் போடும்போது, அவன் வீட்டில்தான் இருக்கிறான் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

தவசீலன்