பூஜ்யத்துக்குப் பிறகு ஒரு உருட்டு

முசியே, இதெல்லாம் இப்படித்தான் வரும் என்று நான் அப்போதே சொன்னேன். குருசுக்குப்பத்தில் உன் வீட்டு மாடியில், உன்னுடைய சிவப்பு இருபது முகப் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். சாட்சி சொல்ல நீ இல்லை, அதுதான் குறை.

இன்று என் தங்கை மகள் நம் பகடைக் கதை ஆட்டத்தின் புதுப் பதிப்பு விதிப்புத்தகத்தைப் பிரித்தாள். மை வாசனைகூடப் போகவில்லை. "மாமா, இதுல உயிர்ப்புள்ளி பூஜ்யமானாலும் ஆள் உடனே சாவறதில்ல. பகடை உருட்டிப் பொழச்சிக்கலாம்" என்றாள்.

"அந்தச் சட்டமே என்னுது."

"ஆமா, வெளிநாட்டுக்காரன் உங்களக் கேட்டுத்தான் எழுதினான்."

சிரிக்கட்டும். அவளுக்கு உன்னைத் தெரியாது.

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனோடும் முசியே என்ற மரியாதைப் பேரோடும் நீ கொண்டுவந்தது பழைய பதிப்பு. பிரெஞ்சில் இருந்ததை நீ தமிழில் சொல்லிக் கதையை நடத்த, மில் மூடி வேலையில்லாமல் இருந்த நாங்கள் நாலு பேர் ஆளுக்கொரு தாளில் புள்ளிகளை எழுதிவைத்துக்கொண்டு குள்ளனாகவும் திருடனாகவும் ஆனோம். அந்தப் பதிப்பில் கவசம் கெட்டியாக ஆக எண் குறையும். ஏன் என்று கேட்டால், "ரேங்க் மாதிரிடா, ஒண்ணாவதுதான ஒசத்தி" என்பாய். எட்டாவதோடு நின்ற எனக்கு ரேங்க் எங்கே தெரியும்? அதைத் தலைகீழாகத் திருப்பணும் என்றேன். அடுத்து வந்த பதிப்பில் திருப்பிவிட்டார்கள்.

ஆனால் எந்தப் பதிப்பு வந்தாலும் உன் மேஜையில் பூஜ்யம் என்றால் சாவுதான். என் குள்ளன் ஒரே மதியத்தில் ஏழு டிராகனைக் கொன்றுவிட்டு (சரி, இரண்டு) சிலந்தி கடித்துச் செத்தான். எவ்வளவோ கெஞ்சினேன். "புத்தகத்துல இல்லாதது இங்க இல்ல" என்று அவன் தாளைக் கிழித்துப் போட்டாய்.

சர்க்கரை உன் கண்ணை வாங்கிய பிறகு, "இனிமே நீ நடத்து, நான் ஆடறேன்" என்று புத்தகத்தை என் பக்கம் தள்ளினாய். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நீ சேர்வதற்கு முந்தின ஞாயிறு. பட்டாளத்து நாளிலிருந்து பதிப்புக்குப் பதிப்பு புதுத் தாளில் எழுதி நீ உயிரோடு வைத்திருந்த கிழ மந்திரவாதி பூஜ்யத்துக்கு வந்தான். கிழிக்க நீயே தாளை எடுத்தாய். நான் உன் கையைப் பிடித்தேன்.

"இரு முசியே. இனிமே வர பதிப்புல பூஜ்யத்துக்கு அப்புறம் ஒரு உருட்டு உண்டு. பத்துக்கு மேல விழுந்தா உயிர்."

"எவன் சொன்னான்?"

"நான் சொல்றேன்."

"வராத புத்தகத்த நீ படிச்சிட்ட. வந்த புத்தகத்தப் படிக்கத் தெரியல."

தாளைத் தடவிக்கொண்டே இருந்தாய். பிறகு "குடு" என்று கை நீட்டினாய்.

உருட்டினாய். "பதினேழு" என்றேன். செதுக்கிய எண்ணைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்காமல் யார் சொன்னதையும் நம்பாதவன் நீ. அன்று பகடையைத் தொடவே இல்லை. "பொழச்சிட்டான்" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். அதோடுதான் கோரிமேட்டுக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

அந்தப் பகடை என்னிடம் இருக்கிறது. இன்றும் அதைத்தான் உருட்டினேன். நான் கேட்டது ஒரு உருட்டு. இவர்கள் நாலைந்து உருட்டுத் தருகிறார்கள், தாராளக்காரர்கள். தங்கை மகளிடமும் அவள் கூட்டாளிகளிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: எங்கள் முசியேவின் மந்திரவாதி பதினேழு போட்டுப் பிழைத்தவன், இன்றுவரை சாகவில்லை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அன்று விழுந்தது மூன்று.