மரியாதையாக விலகச் சொன்னார்கள், வாப்பா

என் உயிர் வாப்பா,

அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்கட்டும். நீங்கள் கண்மூடிய பிறகு, கல்முனைக்குடியில் உங்கள் ஐஸ் தொழிற்சாலையை நான் நடத்தத் தொடங்கி மூன்று வருடமாகிவிட்டது. இன்று கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஐஸ் வாங்க வரும் மீன் படகுக்காரர்கள் என்னை ஏற்க மாட்டார்கள் என்று பயந்தீர்களே? ஐஸ் பிந்தினால் வாசலில் நின்று கத்துகிறார்கள். உங்களிடமும் அப்படித்தானே கத்தினார்கள்? எனக்கு அது மரியாதையாகவே பட்டது.

என்னைத் தடுக்க வந்தவர்களோ நானே வேலைக்கு எடுத்த இளம் முகாமையாளர்கள். ரிஸ்வானும் சப்ரியும். முப்பது வயதுகூட இல்லை. குரல் உயர்த்த மாட்டார்கள். "நீங்க கஷ்டப்பட வேணாம் மேடம்" என்று சிரிப்பார்கள். பிறகு, நான் எடுத்த முடிவு சரிதானா என்று என் கணவருக்குப் போன் எடுத்துக் கேட்பார்கள். கணிதம் படிப்பிக்கும் அவருக்கு ஐஸைப் பற்றி என்ன தெரியும்?

போன மாதம் அவரிடம் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அவர் பணிப்பாளராக வர வேண்டுமாம், நான் ஆலோசகராக இருக்கலாமாம். அவர் அதை என்னிடமே நீட்டினார். "இதுக்கு நான் என்ன சொல்ற? நீயே பதில் சொல்லு."

அடுத்த நாள் கூட்டத்தில் எல்லோர் முன்னும் அதை வாசித்தேன். கடைசி வரி வரை வாசித்தேன்.

"நான் என்ன பிழை விட்ட, ரிஸ்வான்?"

"பிழை ஒண்டும் இல்ல மேடம். வெளி ஆக்களோட கதைக்க ஒரு ஆம்பிளை முன்னுக்கு இருந்தா நல்லம். அவ்வளவுதான்."

"குழாயில அமோனியா நச்சு வாயு கசிஞ்ச அண்டைக்கு, வள்ளம் வரப்போகுது, மெஷின் ஓடட்டும் எண்டு சொன்ன ஆரு?"

"நான்தான்."

"நிப்பாட்டச் சொன்ன ஆரு?"

"நீங்க."

"ஐஸ் இல்லாமத் திரும்பின ஆக்களுக்கு முன்னுக்கு நிண்டு கதைச்ச ஆரு?"

அவர் மேசையைப் பார்த்தார். "நீங்கதான் மேடம்."

சப்ரி அந்தக் கிழமையே விலகிவிட்டார். ரிஸ்வான் இருக்கிறார். மனதுக்குள் என்ன நினைக்கிறாரோ தெரியாது. இப்போது கேள்வியை என்னிடம் கேட்கிறார். பொறியியல் படித்த பர்ஹானாவைப் பொது முகாமையாளர் ஆக்கியிருக்கிறேன். ரிஸ்வான் அவளுக்குக் கீழே.

கோபம் எதற்கென்றால், ஆஸ்பத்திரியில் நீங்களும் அதைத்தானே சொன்னீர்கள்? "மருமகன் பொறுப்பெடுக்கும் வரைக்கும் பாத்துக்கங்க மகள்." இருபது வருடம் உங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்தவளிடம் ஏன் வாப்பா அப்படிச் சொன்னீர்கள்?

உங்களுக்காகத் துஆக் கேட்பதை ஒரு நாளும் நிறுத்த மாட்டேன். இந்தப் பணிப்பாளர் கதிரையையும் யாருக்காகவும் விட மாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
பணிப்பாளர் ஸாஹிறா