கூரை ஒழுகவில்லை, அண்ணை

அண்ணை,

முன்பள்ளிக் கூரைக்கு விரித்ததில் மிஞ்சிய வெள்ளித் தாள் ஒரு துண்டு என் மேசையில் கிடக்கிறது. இரண்டு நாளாகத் தகரங்களைக் கழற்றி, அடியில் இதை விரித்து, மறுபடி பூட்டினார்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே சீமெந்தால் அடைத்திருந்ததை உடைத்து, புறா வராமல் வலை அடித்திருக்கிறார்கள். இன்று விடிய நல்ல பனி. வாசல் வேம்பு மழையில் நனைந்தது மாதிரி நின்றது. உள்ளே போய்ப் பாயைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டிய எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

இந்தக் கூரையைப் போட்ட ஓடாவியார் நீங்கள் அன்றைக்குச் சொன்னதைத்தான் இப்போது செய்திருக்கிறார்கள். கடற்காற்று அடிக்கிற ஊரில் வெறும் தகரம் போட்டால் பனிக்காலத்தில் வேர்க்கும், அடியில் தாள் விரிக்க வேண்டும் என்றீர்கள். கட்டடத்தைக் கட்டித் தந்த நிறுவனத்தார் அது திட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் உள்ளே நிற்கிற ஈரக் காற்று வெளியே போகவாவது வழி இருக்கட்டும் என்று, சுவருக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கூரையைப் பூட்டினீர்கள். முதல் வருடம் ஒரு துளிகூட விழவில்லை.

அந்த ஒரு சாணால் புறாக்கள் வந்தன. பிள்ளைகள் படுக்கிற பாயெல்லாம் எச்சம். துடைத்துத் துடைத்து எனக்கு வெறுத்துப்போனது. உங்களிடம் சொன்னேன்.

“அதை அடைச்சுப் போடாதையும் பிள்ளை. அல்லைப்பிட்டி வேலை முடிய வந்து வலை அடிச்சுத் தாறன்.”

எனக்குப் பொறுமை இருக்கவில்லை. லீவு நாளில் ஒரு மேசனைப் பிடித்து, நாலு பக்கமும் சீமெந்து பூசுவித்தேன். யாரையும் கேட்கவில்லை. நானே செய்வித்தேன், அண்ணை.

அந்த மார்கழியில்தான் தொடங்கியது. பின்னேரத்தில் தாய்மார் நிலத்தைக் கழுவிவிட்டு, கதவு யன்னலெல்லாம் பூட்டிக்கொண்டு போவார்கள். காலையில் திறந்தால், குறுக்குச் சட்டங்களின் நேர்கீழே வரிசையாக ஈரம். ஒரு பிள்ளையின் காதில் துளி விழுந்து அது வீரிட்டு அழுதது. தாய்மார் சண்டைக்கு வந்தார்கள். ஊரில் கடிதம் என்றால் என்னிடம்தான் வருவார்கள், தமிழ் நன்றாக எழுதுவேன் என்று பெயர். “கூரை ஒழுகுகிறது” என்று கட்டித் தந்தவர்களுக்கு எழுதினேன்.

கேள்விப்பட்டு நீங்கள் வந்தீர்கள். எதிர்க் கடையில் வாங்கிய குளிர்ச் சோடா ஒன்றை என் மேசையில் வைத்தீர்கள். போத்தலின் வெளிப்புறம் முத்து முத்தாய்த் தண்ணீர்.

“இந்தப் போத்தல் ஒழுகுதோ பிள்ளை? வேர்க்குது எண்டு எழுதும்.”

தகரம் வேர்க்கிறது என்று எழுதினால் வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று சொல்லி நானே முதலில் சிரித்தேன். நீராவி குளிர்ந்து தண்ணீராவதை ஒடுங்கல் என்று பாடமாக்கிப் பரீட்சையில் புள்ளி வாங்கியவள்! நீங்கள் சோடாவைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனீர்கள்.

பிறகு பெற்றோர் கூட்டம். மழைக்கு ஒழுகாமல் பனிக்கு ஒழுகுகிற கூரையை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா என்று எல்லோரையும் கேட்டீர்கள். கூட்டம் கொஞ்சம் அடங்கியது. அப்போது பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர், “அப்ப போன வருசம் ஏன் வேர்க்கேல்லை?” என்றார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சொல்வேன் என்று காத்திருந்தீர்கள். நான் வரவுப் பதிவேட்டைத் திறந்து, அதில் ஏதோ தேடுகிறவள் மாதிரிக் குனிந்துகொண்டேன். இடைவெளியை அடைத்தது நான் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். அதைவிட, அத்தனை தாய்மார் முன்னால் குறைந்துபோக மனம் வரவில்லை. பிறகு உங்கள் குரல் கேட்டது.

“எனக்குத் தெரியேல்லை.”

ஏன் அண்ணை அப்படிச் சொன்னீர்கள்? “டீச்சர்தான் அடைப்பிச்சவ” என்று ஒரு வசனம் போதுமே. உங்கள் பெருந்தன்மையை நான் கேட்கவில்லை. அன்று என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், நாலு நாள் வெட்கத்தோடு எனக்கு முடிந்திருக்கும். இதை எழுதும்போது உங்கள் மேலும் கோபம் வருகிறது. அதுவும் நியாயமில்லை என்று தெரியும்.

மூன்று நாள் வெயிலில் கூரைமேல் இருந்து ஒவ்வொரு ஆணித் தலைக்கும் தார் பூசினீர்கள். ஆணித் துளையால்தான் ஒழுகுகிறது என்று உங்களைப் பூசச் சொன்னார்கள், நீங்களும் பூசினீர்கள். நாலாம் நாள் விடிய மறுபடி துளி விழுந்தது. அதோடு “ஒழுக்கு ஓடாவியார்” என்று பட்டம் வைத்தார்கள். நயினாதீவில் ஒரு மடத்துக்குக் கூரை போட உங்களைக் கேட்டிருந்தவர்கள் வேறு ஆளைக் கூட்டிப் போனார்கள். எங்கள் தீவில் ஒருவரும் கூப்பிடாததால், அந்த வயதில் வவுனியாப் பக்கம் போய் யாரோ ஒருவருக்குக் கீழே தகரம் தூக்கினீர்கள். அங்கே நெஞ்சு வருத்தம் வந்து, போன வருடம் சவப்பெட்டியில்தான் ஊருக்கு, நாரந்தனைக்கு வந்தீர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் பாடலை எழுதியதும் நான்தான். “உழைப்பின் சிகரமே” என்று தொடங்கினேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இந்த வருடம் கட்டடம் பார்க்க ஓர் இளம் பொறியியலாளர் வந்தார். அண்ணாந்து பார்த்தார், கையால் சீமெந்துப் பூச்சைத் தட்டினார். “இது ஒழுக்கில்லை டீச்சர், கண்டென்சேஷன்,” என்றார். பக்கத்தில் நின்ற பெற்றோர் பெரிய உண்மை கேட்டவர்கள் மாதிரித் தலையாட்டினார்கள். அன்று பின்வரிசையிலிருந்து கேள்வி கேட்டவரும் ஆட்டினார். நீங்கள் தமிழில் சொன்னபோது பட்டம் வைத்த ஊர் அது.

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினேன். கூரை ஒழுகவில்லை, வேர்த்தது, காற்றுப் போன வழியை அடைப்பித்தது நான், ஓடாவியார் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார் என்று ஒளிக்காமல் எழுதினேன். கொண்டுபோய் உங்கள் மனைவிக்கு வாசித்தேன். அக்கா உலையில் அரிசி போட்டபடி முழுவதையும் கேட்டார்.

“எனக்கேன் வாசிக்கிறியள் டீச்சர்? எனக்கு உது அப்பவே தெரியும். கூட்டத்தில வாசியுங்கோ.”

அதன் பிறகு இரண்டு கூட்டங்கள் நடந்துவிட்டன. முதல் கூட்டத்தில் நேரம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவதில் கூட்டக் குறிப்பு எழுத என்னைத்தான் இருத்தினார்கள். வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தபோதுதான் கண்டேன், “கூரை ஒழுக்கு அடுத்த மாதம் திருத்தப்படும்” என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தேன். பேனா கையில்தான் இருந்தது. அதை வெட்டவில்லை. உங்களைப் பற்றிய கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது, அண்ணை.