ஆறாம் தட்டில் முளைத்த ஏற்பிகள்

நாள் 19 — 10:20
விண்ணாய்வகம் சீராக இயங்குகிறது. நான் பெனிட்டா, உயிர்வேதியியலாளர். இங்கே ஒரே ஆள். ஆறாம் சோதனைத் தட்டில் மனித நரம்புச் செல்கள். அல்சைமரில் பெருகும் அமிலாய்டு புரதம் செல்லின் மேலுள்ள ஏற்பிகளில் (ரிசெப்டர்) ஒட்டி அதைக் கொல்லும். எங்கள் மருந்து முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். இன்றும் ஒரு செல்கூடச் சாகவில்லை.

நாள் 21 — 17:40
அடைபட்ட ஏற்பிகளுக்குப் பதிலாகச் செல்கள் புதியவற்றை முளைக்கவிடுகின்றன. மூன்று மடங்கு. அத்தனையிலும் புரதம் ஒட்டுகிறது. பாதித் தட்டு செத்துவிட்டது. தரவைத் தரைநிலையத்துக்கு அனுப்பினேன்.
அல்சைமர் வந்த என் கணவர் ஜெபராஜுக்கும் இதே மருந்துதான். நான் கிளம்பிய அன்றுதான் அவருக்கு முதல் ஊசி போட்டார்கள்.

நாள் 22 — 11:30
தரைநிலையத் தலைவர் சுகவனம்: "கேமரா கோளாறா இருக்கும்மா. பதட்டப்படாதீங்க. இங்க பேஷன்ட்ஸ் எல்லாம் நல்லா இருக்காங்க."
நான் நுண்ணோக்கியில் என் கண்ணால் எண்ணினேன். அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் நாள் 20-க்குப் பிறகு ஒன்றுமில்லை. கீழே நான் போடாத என் கையொப்பம்.

நாள் 23 — 15:10
ஜெபராஜோடு பேசக் கேட்டேன். மூன்று தடவையும் "தூங்குறார்" என்றார்கள். பகல் முழுக்கவா?

நாள் 24 — 12:45
இணைப்புக் கொடுத்தார்கள்.
"நல்லா இருக்கேன். மருந்து நல்லா வேலை செய்யுது." ஒப்பிக்கிறார். பின்னால் யாரோ மெதுவாக எடுத்துக்கொடுக்கிறார்கள்.
"பெனி பேசுறேன்" என்றேன்.
"அப்படிங்களா. எங்க வீட்டுல ஸ்பேஸுக்குப் போயிருக்கா. அவகிட்டயும் சொல்லிடுங்க மேடம்."
துண்டித்துவிட்டார்கள்.

நாள் 24 — 13:30
தரவு இணைப்பைப் பூட்டிவிட்டார்கள். தரைநிலையத்தைத் தவிர வேறு யாரிடமாவது பேச, பொழுதுபோக்கு வானொலிக்காரர்களின் ஹாம் ரேடியோ மட்டும் மிச்சம். தமிழ்நாட்டின் மேல் கடக்கும் எட்டு நிமிடமும் கத்தினேன்.
"தூத்துக்குடி, சேவியர். கேக்குது மேடம். மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."
எல்லா எண்களையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

நாள் 25 — 13:05
சேவியர்: "விஷயம் பரவிடுச்சு மேடம். ஆஸ்பத்திரி வாசல்ல ஒரே கூட்டம். இன்னைக்கு யாருக்கும் ஊசி போடல."
ஜெபராஜுக்கும்தானே என்று கேட்டேன்.
அதற்குள் சிக்னல் போய்விட்டது.

நாள் 25 — 14:50
பிராணவாயு வரத்து நின்றது. கோளாறு என்கிறார் சுகவனம். மற்ற எதுவும் கெடவில்லை. விளக்கு எரிகிறது. விசிறி சுற்றுகிறது. பிராணவாயு மட்டும் வரவில்லை.

15:40
தலை கனக்கிறது. இதைக் கண்டெடுப்பவரே, மனம் குழம்பி நானே பிராணவாயு வால்வை மூடிக்கொண்டேன் என்பார்கள். நம்பாதீர்கள். தரையிலிருந்துதான் மூடியிருக்கிறார்கள். என் பக்க வால்வு திறந்தே இருக்கி