பேர்பன் திருவிழாவில் ஒரு விரதக்காரி

29 யூலை, செவ்வாய்

இன்று யாழ்ப்பாணத்தில் நல்லூர் முருகனுக்குக் கொடியேற்றம். விடியப்புறம் எழும்பிப் போனில் பார்த்தேன். இனித் தீர்த்தம் முடிந்து கொடி இறங்கும்வரை இந்த வீட்டில் மீன் இல்லை, இறைச்சி இல்லை, இவருடைய சனிக்கிழமைப் பியரும் இல்லை. பிரிட்ஜில் கிடந்த கோழியை இவர் பெருமூச்சோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கட்டின நாள் முதல் ஒவ்வொரு வருசமும் இதே பெருமூச்சுதான்.

பின்னேரம் லண்டனின் மற்றக் கரை செவன் கிங்ஸிலிருந்து தம்பி சஞ்சயன் போன் எடுத்தான். அவன் பேஸ் கிட்டார் வாசிக்கிற பாண்டுக்குப் பெரிய இடம் ஒன்று கிடைத்திருக்கிறதாம். அடுத்த கிழமை, வெள்ளியிலிருந்து ஞாயிறுவரை, கிழக்கு லண்டனில் ஒரு பார்க்கில். பாட்டு, சாப்பாடு, பேர்பன் மூன்றும் சேர்ந்த திருவிழா.

"பேர்பன் எண்டால் என்ன?"

"அமெரிக்கன் விஸ்கி, அக்கா."

சந்தோசம் என்று சொல்லி வைத்தேன். வேறு என்ன சொல்ல? போன டிசம்பரில் ஆஸ்பத்திரியில் தம்பியைப் பற்றி டொக்டர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. ஈரல் இனித் தாங்காது, இன்னொரு முறை குடித்தால் ஆள் எழும்பமாட்டார். அன்றிலிருந்து எட்டு மாதம் குடிக்காமல் இருக்கிறான். அவனைக் கொண்டுபோய் அங்கே விடப் போகிறார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை.

30 யூலை, புதன்

நித்திரையே இல்லை. வேலையில், டொக்டர் சர்ஜரி ரிசெப்சனில், ஒருவருக்கு இரண்டு தரம் அப்பொயின்ட்மென்ட் போட்டுவிட்டேன்.

2 ஓகஸ்ட், சனி

தம்பி சாப்பிட வந்தான். வாசலிலேயே பிடித்து வழக்கம்போலக் கன்னத்தில் கொஞ்சினேன். வழக்கம்போல மூச்சை உள்ளே இழுத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் தொடங்கிய பழக்கம் இது. அவனுக்குத் தெரியாது என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கதவு திறந்தவுடன் அவனே பல் டொக்டரிடம் காட்டுகிற மாதிரி வாயைத் திறந்து "ஹா" என்று ஊதிக் காட்டுகிறான். நானும் சிரித்துக்கொண்டே மணக்கிறேன். பகிடிதானே — பகிடியா?

இன்றைக்குச் சூயிங்கம் மணந்தது. ஏன் சூயிங்கம்?

சோறு போடும்போது சொன்னேன். "நானும் வாறன். மூண்டு நாளும்."

"நீங்களோ? உங்களுக்குப் பாட்டெண்டாலே தலையிடி."

"உன்ர பாட்டைக் கேக்கக் கூடாதோ?"

அவன் கத்தரிக்காயை மட்டும் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டான். அவன் போன பிறகு இவர் கதிரையில் சாய்ந்தபடி, "சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது. அவனைச் சும்மா விடும்" என்றார். இந்தப் பூனையை நான் தூக்கி வளர்த்தனான். எத்தனை தரம் சூடு கண்டது என்று எனக்குத்தான் தெரியும்.

8 ஓகஸ்ட், வெள்ளி

லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்களாம். "விரதம், இட்ஸ் ரிலிஜியஸ்" என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெடியன் டப்பாவில் இருந்த இடியப்பத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, பாவம், மனேஜரைக் கேட்கப் போனான். அவன் வருவதற்குள் அங்கேயே நின்று சாப்பிட்டு முடித்துவிட்டேன். பின்னால் நின்ற வரிசை முழுக்க என்னைப் பார்த்தது.

உள்ளே எங்கு பார்த்தாலும் புகை. பன்றி விலா அடுப்பில் தொங்குகிறது. அதற்கு மேல் பூசுகிற சோஸில் பேர்பன். ஐஸ்கிரீமில் பேர்பன். ஊறுகாயில்கூடப் பேர்பன் போட்டிருக்கிறார்கள், இதற்குப் பிறகு நான் என்னத்தைச் சொல்ல. சிப்ஸ் கடையில் எண்ணெய் தனியோ என்று கேட்டேன். கோழிச் செட்டை பொரித்த அதே எண்ணெய்தான். தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றேன்.

நேராகச் சின்ன மேடைக்கு முன்னால் போய் நின்றேன். தம்பியின் விரல்களைப் பார்க்கவில்லை. அவன் கால்மாட்டில் இருந்த பிளாஸ்டிக் கோப்பையைத்தான் பார்த்தேன். மண்ணிறமாக ஏதோ. ஒவ்வொரு பாட்டு முடியவும் குனிந்து எடுத்து ஒரு வாய் குடித்தான். சனம் கைதட்டியது. என்ன பாட்டு என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை, பாம்பென்று தாண்டவும் முடியவில்லை. திரும்பி வருகிற ரயில் முழுக்க அந்தக் கோப்பைதான் கண்ணுக்குள் நின்றது.

9 ஓகஸ்ட், சனி

எழுதக் கை வருகுதில்லை.

இன்றைக்கு மேடைக்குப் பின்பக்கம் போனேன். கிட்டார்காரனின் அக்கா என்று சொல்லவும் விட்டுவிட்டார்கள். தம்பி அந்தப் பக்கம் வயர் கொழுவிக்கொண்டு நின்றான். கோப்பை ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல். பாதி இருந்தது. அதே மண்ணிறம். எடுத்து மணந்தேன். பார்க் முழுக்க அந்த மணம்தான், கோப்பையின் மணமோ காற்றின் மணமோ என்று பிரிக்கத் தெரியவில்லை. விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

ஆறின தேத்தண்ணி. சீனியும் இல்லை.

நிமிர்ந்தால் அவன் நிற்கிறான். பாண்டில் பாடுகிற வெள்ளைக்காரப் பிள்ளையும் பக்கத்தில் நிற்கிறாள்.

"கையில இப்பிடி ஒரு கோப்பை இருந்தால்தான் அக்கா, ஒருத்தரும் குடிக்கச் சொல்லிக் கேக்கமாட்டினம். அதுக்குத்தான் வீட்டில இருந்து ஊத்திக்கொண்டு வாறனான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் விடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னான்.

"நேற்று மூண்டு இடத்தில பிழைவிட்டனான். நீங்கள் என்ர கோப்பையைப் பாக்கிறியள், நான் உங்களைப் பாக்கிறன். நாளைக்குத்தான் பெரிய மேடை. நாளைக்கு வராதேங்கோ."

"தம்பி, நான் உன்ர நன்மைக்குத்தானே —"

"எட்டு மாசமா நான் குடிக்கேல்லை. எட்டு மாசமா நீங்கள் என்னைக் கொஞ்சவும் இல்லை, அக்கா. மணந்துதான் பாக்கிறியள்."

அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு அங்கால போனாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோபமும் வந்தது. விரத நாளில் விரலை விட்டு நக்கினேனே, அது விஸ்கியாக இருந்திருந்தால்? அதைப் பற்றி அந்த நேரம் நான் யோசிக்கவே இல்லை. முருகா.

10 ஓகஸ்ட், ஞாயிறு

போகவில்லை.

காலையில் கர்ட்டன்களைக் கழற்றித் தோய்த்தேன். பிறகு மிளகாய்த்தூள் போத்தில், மல்லித்தூள் போத்தில் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினேன். இவர் கிரிக்கெட் பார்க்கிறார். அதற்கும் ஒரு சண்டை. நாலு மணிக்குத்தான் பெரிய மேடை. நாலு மணிக்குச் சோபாவை இழுத்துப்போட்டு அடியில் கூட்டினேன். இப்போது முதலாம் பாட்டு, இப்போது இரண்டாம் பாட்டு — பாட்டே தெரியாது, இதில் கணக்கு வேறு.

ஆறரைக்கு பாண்டின் இணையப் பக்கத்தில் ஒரு படம் போட்டார்கள். எல்லாரும் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். தம்பி சிரிக்கிறான். அப்படி அவன் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம். ஆனால் கையில் ஒரு போத்தில், முழுப் போத்தில். வாசித்த ஒவ்வொருவருக்கும் திருவிழாக்காரர் பரிசாகக் கொடுத்ததாம், கீழே எழுதியிருந்தது.

போன் எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். நிறுத்தி வைத்திருக்கிறான். சப்பாத்தைப் போட்டேன். இவர் டிவியை நிற்பாட்டிவிட்டு வந்து படியில் இருந்தார்.

"நீர் இப்ப போனால் அவனைக் கூட்டிக்கொண்டு வரலாம். ஆனா அதுக்குப் பிறகு அவன் இஞ்ச வரமாட்டான்."

"செத்துப்போனால்?"

இவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். சப்பாத்தோடேயே படியில் இருந்து குடித்தேன். போகவில்லை. ஏன் போகவில்லை என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

11 ஓகஸ்ட், திங்கள்

போன் இல்லை. நானும் எடுக்கவில்லை. போனைத் தூக்குவதும் திரும்ப வைப்பதுமாக இருக்கிறேன்.

13 ஓகஸ்ட், புதன்

மெசேஜ் வந்தது. "சனி வாறன். புட்டு."

அவ்வளவுதான். எழுத்துப் பிழை இல்லை. வெறியில் இருந்தால் எழுத்துப் பிழை விடுவான். இதையும் பார்க்கிறேனே, நான் திருந்த மாட்டேனா?

15 ஓகஸ்ட், வெள்ளி

தேங்காய் வாங்க டூட்டிங்வரை போனேன். தேங்காய் எங்கள் வீட்டடியில், தோர்ண்டன் ஹீத்திலேயே இருக்கிறது. வீட்டில் இருக்க ஏலவில்லை.

16 ஓகஸ்ட், சனி

பன்னிரண்டு மணிக்குப் பெல் அடித்தது. நான்தான் திறந்தேன்.

முகம் கொஞ்சம் மெலிந்த மாதிரி இருந்தது. அல்லது வெயிலில் நின்று கறுத்திருப்பான். முதுகில் கிட்டார். கையில் ஒரு துணிப் பை, உள்ளே போத்திலின் உருவம் நன்றாகத் தெரிந்தது.

"இது அத்தானுக்கு" என்று நீட்டினான்.

வாங்கினேன். பாரம் பார்க்கலாம். பைக்குள் கையை விட்டு மூடியைத் தடவினால் போதும், உடைத்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். அப்படியே திரும்பி இவரிடம் கொடுத்துவிட்டேன். இவர் ஒரு தரம் உள்ளே பார்த்தார். என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. "கொடி இறங்கட்டும்" என்று சொல்லி அலுமாரிக்கு மேலே வைத்தார். அந்தக் குரலில் இருந்த சந்தோசத்துக்கு வேறு நாளென்றால் ஏசியிருப்பேன்.

திரும்பினேன். தம்பி வாசல் கால்மிதியில் அப்படியே நிற்கிறான். வழக்கம்போல வாயைத் திறந்தான். ஊதத்தான் போகிறான். அந்த வாயைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. முப்பத்திமூன்று வயது ஆம்பிளை, அக்கா வீட்டு வாசலில்.

அவன் ஊத முந்தி மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்தேன். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், பிறகு நெற்றி. விட மனமில்லை. நெஞ்சு முட்டிக்கொண்டு வந்தது, காது அடைத்தது, அப்போதும் மூச்சை விடவில்லை.

அவனுக்கு விளங்கிவிட்டது. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்:

"அக்கா, மூச்சு விடுங்கோ."